மாரடைப்பைத் தள்ளி வைக்க: எதை முதலில் செய்வது, எதை விட்டுவிடலாம்?

இதயத்தைப் பற்றி நம்மூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஓயாமல் சுற்றுவது ஒரு கஷாயம். பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, ஆப்பிள் சிடர் வினிகர் நான்கையும் காய்ச்சி, தேன் கலந்து, காலையில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி குடித்தால் அடைப்பு கரைந்துவிடுமாம். கரையாது. ருசி பிடித்திருந்தால் குடித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைக் குடிக்கிற தைரியத்தில் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆபத்து அங்கேதான்.

மாரடைப்பைத் தடுக்க நாம் செய்கிற எல்லாமே ஒரே அளவு பலன் தருவதில்லை. புகையிலையை விடுவதும் பிரஷரைக் கட்டுக்குள் வைப்பதும் பெரிய வேலைகள். உப்பு, எண்ணெய், நடை ஆகியவை அதற்கு அடுத்து. சியா விதையும் கிரீன் டீயும் வரிசையில் எங்கோ கடைசியில். நாமோ கடைசியிலிருந்துதான் ஆரம்பிக்கிறோம். கடையில் வாங்கிவிட்டால் முடிந்தது, பழக்கம் எதையும் மாற்ற வேண்டாம் அல்லவா? அதனால் இந்த வழிகாட்டியைப் பலன் வரிசையிலேயே எழுதுகிறேன். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். மேலிருந்து கீழே வாருங்கள்.

எப்போது தொடங்குவது? 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு 52 நாடுகளில் முதல் மாரடைப்பு வந்தவர்களை ஆராய்ந்தது. புகையிலை, கெட்ட கொழுப்பு, பிரஷர், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் குறைவது, உடல் அசையாமை உள்ளிட்ட ஒன்பது காரணங்களுக்குள் சுமார் 90 சதவீத ஆபத்து அடங்கிவிடுகிறது என்று கண்டது. அதே ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவர்களுக்கு 59. நமக்கு ஆறு வருடம் முந்தியே வருகிறது. ‘ஐம்பது தாண்டட்டும், பார்த்துக்கலாம்’ என்ற கணக்கு நம் ஊருக்குச் சரிப்படாது. முப்பதிலேயே முதல் படியில் கால் வைத்துவிட வேண்டும்.

முதல் படி: உங்கள் எண்கள்

நான்கு எண்கள் தெரிந்தால் போதும்: பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு.

இடுப்பை அளக்கச் செலவே இல்லை, தையல்காரர் டேப் ஒன்று இருந்தால் சரி. பேண்ட் சைஸைச் சொல்லாதீர்கள். பெல்ட் தொப்பைக்குக் கீழே இறங்கிவிடுவதால் 34 சைஸ் போடுகிறவருக்கு வயிறு 40 அங்குலம் இருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் வேண்டும். கை கால் ஒல்லி, வயிறு மட்டும் பானை என்பது நம் ஆட்களின் உடல்வாகு. மொத்த எடையை விட அந்த வயிற்றுக் கொழுப்புதான் சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் இழுத்துச் செல்கிறது.

வெறும் வயிற்றுச் சர்க்கரை 100க்குக் கீழே இருந்தால் நல்லது. 126ஐத் தொட்டால், இன்னொரு முறை பார்த்து உறுதியானதும் அது சர்க்கரை நோய். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை என்றால் நோய்க்கு முந்தைய கட்டம், திரும்பி வர இடமிருக்கிறது. கொழுப்பு ரிப்போர்ட்டில் மொத்த கொலஸ்ட்ராலைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) என்ற வரியைப் பாருங்கள். பொதுவாக 100க்குள், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு 70க்குள்ளோ அதற்கும் கீழேயோ. அப்பா, சித்தப்பா, அண்ணன் என்று யாருக்காவது 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், லிப்போபுரோட்டீன் ஏ என்ற கொழுப்பு வகைக்கான இரத்தச் சோதனையை வாழ்நாளில் ஒரு முறை எடுத்துக்கொள்வது நல்லது. அது பரம்பரையாக வருவது, சாப்பாட்டால் பெரிதாக மாறாது. ஆனால் கூடுதலாக இருப்பது தெரிந்தால் மற்றவற்றில் இன்னும் கண்டிப்பாக இருக்கலாம்.

பெண்களுக்கு ஒரு விஷயம். கர்ப்ப காலத்தில் பிரஷரோ சர்க்கரையோ ஏறியிருந்தால், பிரசவத்தோடு அது முடிந்த கதை அல்ல. பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. டாக்டரிடம் போகும்போது அதைச் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்பது குறைவு.

பணம் ஒரு தடையாக வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரஷரும் சர்க்கரையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரையும் தருகிறார்கள்.

அப்புறம், ‘டிரெட்மில் டெஸ்ட் நார்மல்’ என்ற சீட்டை வைத்துக்கொண்டு பிரியாணிக் கடைக்குப் போகாதீர்கள். அந்தச் சோதனை பெரும்பாலும் குழாயை மிகவும் நெருக்கிவிட்ட பெரிய அடைப்புகளைத்தான் காட்டும். பாதிகூட அடைக்காத சின்னக் கொழுப்புப் படிவு திடீரென்று வெடித்து, அதன் மேல் இரத்தம் உறைந்தும் மாரடைப்பு வரும்.

இரண்டாம் படி: புகையிலை

இதற்கு நீளமாக எழுத ஒன்றுமில்லை. விட வேண்டும், முழுதாக. ‘தினம் ஒண்ணே ஒண்ணுதான்’ என்பவர்களுக்காக மட்டும் ஒரு தகவல்: 2018இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, தினம் 20 சிகரெட் பிடிப்பவருக்குக் கூடுகிற இதய நோய் ஆபத்தில் ஏறத்தாழ பாதி, ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும் கூடுகிறது. இருபதில் ஒரு பங்கு அல்ல, பாதி! பீடி, ஹான்ஸ், குட்கா எதுவும் விதிவிலக்கு இல்லை. மெல்லும் புகையிலையும் மாரடைப்பு ஆபத்தைக் கூட்டுகிறது.

நல்ல செய்தியும் உண்டு. விட்ட ஒரு வருடத்தில் அந்தக் கூடுதல் ஆபத்து பாதியாகக் குறைகிறது. தனியாக முடியவில்லை என்றால் 1800-112-356 என்ற தேசிய இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். நிகோட்டின் சூயிங்கம், மாத்திரை போன்றவை உதவும், டாக்டரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். டீக்கும் சிகரெட்டுக்கும் முடிச்சுப் போட்டு வைத்திருப்பவர்கள் முதல் மாதம் டீக்கடையை மாற்றுவது நல்ல உபாயம். கூட நிற்கும் ஆள் மாறினாலே பாதி வேலை முடிந்தது.

மூன்றாம் படி: பிரஷரும் உப்பும்

பிரஷர் வலிக்காது. தலைசுற்றினால்தான் பிரஷர் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். 160 இருக்கும்போதே வயலுக்கும் ஆபீசுக்கும் போய் வந்துகொண்டிருப்பார்கள். அதனால் அளந்துதான் கண்டுபிடிக்க முடியும், அதுவும் முறையாக அளந்தால்.

முறை இது. அரை மணி நேரத்துக்குள் காபி, டீ, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாயும் நாற்காலியில் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கால் மேல் கால் போடாமல் பாதம் இரண்டும் தரையில் பட வேண்டும். சட்டைக் கையின் மேல் பட்டியைச் சுற்றாமல் வெறும் புயத்தில் சுற்றுங்கள். கையை மேஜை மேல், நெஞ்சு மட்டத்தில் வையுங்கள். அளக்கும்போது பேசக் கூடாது. நம் வீடுகளில் சரியாக அந்த நேரத்தில்தான் ‘மதியத்துக்கு என்ன குழம்பு’ என்று யாராவது கேட்பார்கள். பதில் சொன்னால் அளவு ஏறிவிடும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து எழுதுங்கள். ஒரு வாரம் காலையும் மாலையும் இப்படிச் செய்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்ற நாட்களின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் அளந்தது 135/85க்கு மேல், அல்லது கிளினிக்கில் வெவ்வேறு நாட்களில் 140/90க்கு மேல் என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். மணிக்கட்டில் கட்டும் கருவியை விடப் புயத்தில் கட்டுவதே நம்பகமானது.

இனி உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு சின்ன டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. ‘நாங்க உப்பு கம்மியாத்தான் சேர்ப்போம்’ என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். உண்மையைத் தெரிந்துகொள்ள ஒரு வழி: ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன் மேல் தேதி எழுதி வையுங்கள். நான்கு பேர் வீட்டில் ஆளுக்கு 5 கிராம் என்றால் நாளைக்கு 20 கிராம்; அந்தப் பாக்கெட் 50 நாள் வர வேண்டும். 30 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. மீன் கழுவவும் ஊறுகாய் போடவும் எடுத்ததைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் ஹோட்டல் சாம்பாரும் மிக்சரும் இந்தக் கணக்கிலேயே வராது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

குறைக்க வேண்டிய இடம் எது? சாம்பாரில் கை வைத்தால் வீட்டில் சண்டைதான் வரும். முதலில் தட்டின் ஓரத்துச் சாமான்களைப் பாருங்கள்: ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், வடகம், கருவாடு. தயிர் சாதத்துக்குத் தினம் ஊறுகாய் என்றிருந்ததை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள். அதற்கடுத்து, சாதம் வடிக்கும்போதும் சப்பாத்தி மாவிலும் போடும் உப்பை நிறுத்துங்கள். குழம்பு இருக்கும்போது அது தெரியவே தெரியாது. பொரியலுக்கு உப்பைக் கொஞ்சம் குறைத்து, இறக்கும்போது எலுமிச்சை பிழிந்தால் நாக்கு ஏமாந்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் பழகியும் விடும். பாக்கெட் உணவுகளில் சோடியம் என்று போட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு. இந்துப்பு, கல்லுப்பு, கடல் உப்பு எல்லாமே பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், விலைதான் வேறு.

சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் கலந்த உப்பு கடைகளில் வருகிறது. சீனக் கிராமங்களில் சுமார் 21,000 பேரை வைத்து, அதைச் சாதா உப்போடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2021இல் வெளியானது; பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில வகைப் பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

நான்காம் படி: தட்டு

அரிசியே எதிரி என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அரிசியை விட அதன் அளவும், பக்கத்தில் எதுவும் இல்லாததும்தான் பிரச்சினை. காலையில் இட்லி, மதியம் சாதம், ராத்திரி தோசை. மூன்று வேளையும் அரிசியே பிரதானம், பொரியல் இரண்டு ஸ்பூன். தட்டில் பாதியைக் காய், கீரை, கூட்டுக்கு ஒதுக்குங்கள். கால் பங்கு சாதம், கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன். பரிமாறும்போது காயை முதலில் வையுங்கள். சாதத்தை முதலில் கொட்டினால் காய்க்கு இடமே மிஞ்சாது. சிறுதானியம் நல்லதுதான், ஆனால் நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் அதுவும் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். சாதமாகவோ உப்புமாவாகவோ மென்று சாப்பிடுங்கள்.

எண்ணெய்க்கும் உப்பைப் போலவே ஒரு கணக்கு: ஆளுக்கு மாதம் அரை லிட்டர், நான்கு பேருக்கு இரண்டு லிட்டர். எந்த எண்ணெய் என்ற விவாதத்தில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை, அளவு குறைந்தாலே முக்கால்வாசி வேலை ஆகிவிடும். இருந்தாலும் தெரிந்துகொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதமும் பாமாயிலில் ஏறத்தாழ பாதியும் நிறைவுற்ற கொழுப்பு; எல்.டி.எல்.லை ஏற்றுவது அதுதான். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அது மிகக் குறைவு. மரச்செக்கில் ஆட்டினாலும் கொழுப்பின் கணக்கு மாறாது. ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் கிடைக்கும்போது அதைத் தொடவே கூடாது என்று சொல்வது வசதியுள்ளவர் பேச்சு. வாங்குங்கள், ஆனால் தாளிப்போடு நிறுத்துங்கள், பாதிக்குப் பாதி கடலை எண்ணெயோடு மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். பொரித்து மிஞ்சிய எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சாதீர்கள்.

மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி மூன்றும் மற்ற மீன்களை விட மலிவு, ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு நிறைந்தவை. வாரம் இரண்டு நாள் குழம்பு வையுங்கள். வறுத்தால் எண்ணெய்க் கணக்கு உதைக்கும். தினம் ஒரு கைப்பிடி நிலக்கடலையும் இதயத்துக்கு நல்லது, வாதாம்தான் வேண்டும் என்றில்லை. பேக்கரிப் பண்டங்களைப் பொறுத்தவரை, எண்ணெய் கொழுப்புகளிலும் அவற்றைச் சேர்த்துச் செய்த உணவுகளிலும் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து விதி இருக்கிறது. அதனால் பப்ஸ் நல்லதாகிவிட்டது என்று அர்த்தமில்லை, தினமும் வேண்டாம். டீக்கு இரண்டு ஸ்பூன் வீதம் மூன்று டீ குடித்தால் சர்க்கரை 25 கிராமைத் தாண்டும். ஒரு நாள் முழுக்கவுமே அதற்குள் இருப்பது நல்லது என்று சொல்கிறார்கள்.

மது? ‘தினம் ஒரு பெக் இதயத்துக்கு நல்லது’ என்பதை உலக இதயக் கூட்டமைப்பு 2022இல் வெளிப்படையாக மறுத்துவிட்டது.

ஐந்தாம் படி: நடை

லண்டனின் மாடி பஸ்களில் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் ஒப்பிட்டுப் பார்த்து 1953இல் வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே புகை, ஒரே மாதிரிக் குடும்பங்கள். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களை விட, டிக்கெட் கிழிக்க மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. ஜிம் வாசலையே பார்க்காத ஆட்கள் அவர்கள்.

வாரம் 150 நிமிட வேக நடை குறைந்தபட்சம். நாளுக்கு 30 நிமிடம், ஐந்து நாள். வேகத்துக்கு அளவுகோல் சுலபம்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. போன் பேசிக்கொண்டே உலாத்துவது இந்தக் கணக்கில் சேராது. ஒரேயடியாக முடியாதவர்கள் மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் நடக்கலாம், சர்க்கரையும் இறங்கும். வாரம் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுங்கள். நாற்காலியைப் பிடிக்காமல் உட்கார்ந்து எழுவதும் சுவரைத் தள்ளுவதும் வீட்டிலேயே செய்யலாம். மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை என்று 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ தொடங்கப்பட்டது. உங்கள் ஊரில் எங்கே என்று விசாரியுங்கள். நடை முடிந்ததும் கூட்டாளிகளோடு மெதுவடை என்ற சடங்கைத்தான் எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை.

ஏற்கெனவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் இருப்பவர்களும், வெகுநாள் சர்க்கரை உள்ளவர்களும் வேகத்தைக் கூட்டுமுன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: தூக்கமும் மனதும்

அமெரிக்க இதயச் சங்கம் 2022இல் இதய நலத்துக்கான தன் பட்டியலில் தூக்கத்தையும் சேர்த்தது: பெரியவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரம். வீடே அதிரக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, பகலில் தூங்கி வழிகிறவர்களுக்குப் பிரஷர் எளிதில் இறங்காது. அது சோதித்துச் சிகிச்சை எடுக்க வேண்டிய கோளாறு. கடன், வேலை, குடும்பத் தகராறு தரும் அழுத்தத்துக்கு ‘டென்ஷன் ஆகாதீங்க’ என்று எழுதி ஒரு பயனும் இல்லை. மனம்விட்டுப் பேச ஒரு ஆள், தேவைப்பட்டால் மனநல மருத்துவர். இதை மற்றச் சிகிச்சைகளைப் போலவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: மாத்திரையோடு சமாதானம்

இத்தனையும் செய்தும் எண்கள் இறங்காத உடம்புகள் உண்டு. அப்போது மாத்திரை எடுப்பது தோல்வி இல்லை. ‘ஆரம்பிச்சா வாழ்நாள் முழுக்கப் போடணுமே’ என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் இரத்தக் குழாய் கெட்டுக்கொண்டிருக்கும். பிரஷர் நார்மல் ஆகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள், அது நார்மல் ஆனதே மாத்திரையால்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். கொழுப்பு மாத்திரையால் தசை வலி வந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்; அளவை மாற்றலாம், மருந்தையும் மாற்றலாம். இன்னொன்று: இதய நோய் இல்லாதவர்கள் முன்னெச்சரிக்கை என்று தாங்களாகவே தினம் ஆஸ்பிரின் போட வேண்டாம். வயிற்றிலும் மூளையிலும் இரத்தக் கசிவு வரலாம்.

இதையும் மீறி வலி வந்தால்

நெஞ்சின் நடுவில் இறுக்கம், அழுத்தம், எரிச்சல். இடது கை, தாடை, முதுகுக்குப் பரவுவது. குளிர்ந்த வியர்வை, வாந்தி உணர்வு. பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலோ காரணமில்லாத அசதியோ மட்டும் வரலாம். ‘வாயுப் பிடிப்பு’ என்று சோடா குடித்து, பெருங்காயம் போட்டு, தைலம் தேய்த்து விடியும் வரை காத்திருப்பதில்தான் பலர் உயிர் போகிறது. இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும் நேரம் அது.

உடனே 108. நீங்களே பைக் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், மாடிப்படி ஏறி இறங்காதீர்கள். பெரிய ஆஸ்பத்திரி வெகுதூரம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தை ஒதுக்க வேண்டாம். 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகளை அங்கேயே கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். பழைய இ.சி.ஜி., தினசரி மாத்திரைச் சீட்டு இரண்டையும் ஒரே கவரில், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது விதி. டோக்கன் வரிசையில் உட்காராமல் ‘நெஞ்சு வலி’ என்று சத்தமாகச் சொல்லுங்கள். முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தாலும் கிளம்பிவிடாதீர்கள். சில மாரடைப்புகள் அதில் தெரியாது. இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் இரத்தச் சோதனையும் இன்னொரு இ.சி.ஜி.யும் எடுத்து, டாக்டர் போகலாம் என்று சொல்லும் வரை அங்கேயே இருங்கள்.